வேகாத சோயாவும் வெட்டப்படும் கூலியும்

கோழிக் குஞ்சின் வயிற்றுக்கும் கொட்டகைத் தொழிலாளியின் கூலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், ஒப்பந்தக் கோழி வளர்க்கிற ஒரு விவசாயியிடம் கம்பெனி கொடுக்கும் கணக்குச் சீட்டை வாங்கிப் பார்க்கட்டும். இறக்கிய குஞ்சு இத்தனை, செத்தது இத்தனை, ஏற்றிய எடை இத்தனை, தின்ற தீவனம் இத்தனை என்று வரிசையாக எழுதி, கடைசியில் ஒரு தொகை இருக்கும். அந்தத் தொகையைத் தீர்மானிக்கிற எண்ணுக்கு எஃப்.சி.ஆர். என்று பெயர். கோழி ஒரு கிலோ எடை ஏறுவதற்கு எத்தனை கிலோ தீவனம் செலவாயிற்று என்பதே அது. எண் குறைந்தால் விவசாயி கெட்டிக்காரன். எண் கூடினால் அவன் சோம்பேறி, கவனிப்பில்லாதவன், தீவனத்தை வெளியே விற்றவன். தீவனம் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு அந்தச் சீட்டில் இடமே கிடையாது.

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையைப் பாருங்கள். ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து ஆட்டை ஓட்டிவரும் குடியானவனுக்குத் தன் ஆடு எந்தத் தழையைத் தின்றது, எந்த ஓடையில் தண்ணீர் குடித்தது என்று தெரியும். வாங்க வந்தவன் முதுகை அழுத்திப் பார்க்கிறான், விலை கேட்கிறான், குறைத்துக் கேட்கிறான். படியவில்லை என்றால் ஆட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விடலாம். அங்கேயும் தரகு உண்டு, ஏமாற்று உண்டு. ஆனாலும் விற்கிறவனுக்குச் சொந்தமான ஆடு அது. பிராய்லர் கொட்டகையில் விவசாயிக்குச் சொந்தமாக இருப்பது கூரையும், அந்தக் கூரைமேல் வாங்கிய கடனும்தான். குஞ்சு கம்பெனியுடையது. தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. வளர்ந்த கோழியைப் பிடித்து ஏற்றும் நாளைக் குறிப்பதும் கம்பெனிதான். மின்சாரம், தண்ணீர், தரையில் பரப்பும் தேங்காய் மஞ்சி, குஞ்சுக்கு அனல் மூட்டும் கரி, இரவும் பகலும் கண்விழிப்பு ஆகியவை விவசாயியின் பொறுப்பு. 1990-களில் உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கத்தில் வேர்பிடித்த இந்த ஏற்பாடு பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐயாயிரம் கோழி ஏற்றும் கொட்டகை. கோழிக்குச் சராசரி 2 கிலோ. மொத்தம் 10,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எஃப்.சி.ஆர். 1.6 என்றால் தீவனச் செலவு 16,000 கிலோ. அதுவே 1.7 ஆகிவிட்டால் 17,000 கிலோ. வித்தியாசம் ஆயிரம் கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 20 மூட்டை. கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 40,000 ரூபாய். வளர்ப்புக் கூலி கிலோவுக்கு ஆறரை ரூபாய் என்றால், விவசாயிக்கு வரவேண்டியது மொத்தமே 65,000 ரூபாய். அதிலிருந்து இந்த 40,000-த்தில் எவ்வளவைக் கழிப்பது என்பதைக் கம்பெனி வகுத்த சூத்திரம் சொல்லும். புள்ளிக்குப் பின்னால் ஒரே ஒரு எண் மாறியதற்கு இந்தப் பாடு!

கொட்டகையிலேயே குடியிருந்து தீவனம் கொட்டித் தண்ணீர் காட்டும் ஆள்காரக் குடும்பத்தின் கதி என்ன? “இந்த பேட்ச் அடி வாங்கிவிட்டது, அடுத்த பேட்சில் பார்த்துக்கொள்ளலாம்” என்று கொட்டகைக்காரர் கையை விரிக்கிறார். அவரும் பெரிய பணக்காரர் அல்ல, பாங்கிக்குத் தவணை கட்டுகிறவர். மேலே விழுந்த வெட்டு கீழே இறங்கி, எஃப்.சி.ஆர். என்ற சொல்லையே கேட்டிராத ஒரு பெண்ணின் மாதச் சம்பளத்தில் வந்து நிற்கிறது.

பச்சைச் சோயா ஏன் ஆகாது?

தீவன மூட்டையில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். அடுத்தபடி சோயாப் புண்ணாக்கு. குஞ்சுப் பருவத் தீவனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுதான். மக்காச்சோளம் உடம்புக்குத் தெம்பு தருகிறது; சதை பிடிப்பது பெரும்பாலும் சோயாவின் புரதத்தால். நம் வடஆர்க்காட்டு ஜனங்களுக்குப் பழக்கமான புண்ணாக்கு நிலக்கடலைப் புண்ணாக்கு. மாடும் அதைத் தின்றது, கோழியும் தின்றது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டு விழுந்தன. பிரேசிலிலிருந்து இறக்கிய கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்து, அஃப்ளடாக்சின் என்ற விஷம் ஊறியிருந்ததைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். அதன்பின் கடலைப் புண்ணாக்கு என்றாலே கோழித் தீவனக்காரர்களுக்கு அச்சம் வந்துவிட்டது. அதே பத்தாண்டில் ஜபல்பூர், பந்த்நகர் விவசாயப் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவிலிருந்து வந்த சோயா ரகங்களைப் பயிரிட்டுப் பார்த்தன. பிறகு மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் மாநிலங்களின் மானாவாரி நிலங்களில் சோயா பரவிற்று. இன்று தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் கோழி தின்னும் சோயாவில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதுதான்.

சோயா சத்துள்ள பருப்பு, சந்தேகமில்லை. நூற்றுக்கு 36 முதல் 40 பங்கு புரதம். 18 முதல் 20 பங்கு எண்ணெய். ஆனால் பச்சையாக அது பகை. புரதத்தைச் செரிக்க வயிற்றில் டிரிப்சின் என்ற சாறு சுரக்கிறது. பச்சைச் சோயாவிலுள்ள ஒரு பொருள் அந்தச் சாற்றைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். 1917-லேயே அமெரிக்காவில் ஆஸ்பார்ன், மெண்டல் என்ற இரு விஞ்ஞானிகள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேகவைத்த சோயா தின்ற எலி வளர்ந்தது, பச்சைச் சோயா தின்ற எலி வளரவில்லை. அந்தத் தடுப்புப் பொருளைத் தனியே பிரித்துப் படிகமாக எடுத்துக் காட்டியவர் குனிட்ஸ் என்ற விஞ்ஞானி, 1945-ல். நம் வீடுகளில் மொச்சையை வேகாமல் இறக்கினால் என்ன ஆகும் என்று அடுப்படியில் நிற்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். விஞ்ஞானிகள் கண்டது அதன் காரணத்தை.

பெரிய கோழி இதை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். சின்னக் குஞ்சு சமாளிக்காது. முட்டையை உடைத்து வெளியே வரும் குஞ்சின் எடை சுமார் 40 கிராம். வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வைத்து முதல் சில நாட்களைத் தள்ளுகிறது. செரிமானச் சாறு இன்னும் நன்றாகச் சுரக்கத் தொடங்கவில்லை. அப்படி இருக்க, ஒரு வாரத்துக்குள் அது நாலைந்து மடங்கு எடை ஏற வேண்டும் என்கிறது கம்பெனி அட்டவணை. இந்த நேரத்தில் அரைவேக்காட்டுச் சோயா உள்ளே போனால், கட்டுண்ட சாற்றுக்குப் பதில் சாறு சுரக்கக் கணையம் ஓயாமல் வேலை செய்து வீங்குகிறது. சதையாக வேண்டிய சத்து சாறாக வீணாகிறது. மிச்சம் எச்சமாக வெளியே போகிறது. மஞ்சி ஈரமாகிறது, நெடி ஏறுகிறது, குஞ்சு குன்றிப்போகிறது. முதல் பத்து நாளில் ஒரு குஞ்சு தின்பது கால் கிலோவுக்குச் சற்று மேல்தான். ஐயாயிரம் குஞ்சுக்கு முப்பது மூட்டைக்குள் அடங்கிவிடும். அந்த முப்பது மூட்டை கெட்டால், மீதி முப்பது நாள் எவ்வளவு கண்விழித்தும் அந்தக் குறையை முழுதும் ஈடுகட்ட முடியாது.

ஆலையில் நடப்பது என்ன? சோயாவைச் சுத்தம் செய்து, உடைத்து, தோலை ஊதி எடுத்து, இளஞ்சூடு ஏற்றி, உருளைகளுக்கிடையே அவல் போலத் தட்டையாக்குகிறார்கள். அந்த அவலின்மேல் ஹெக்சேன் என்ற கரைப்பானை ஓடவிட்டால் எண்ணெய் அதில் கரைந்து வந்துவிடும். மிஞ்சுகிற புண்ணாக்கில் எண்ணெய் நூற்றுக்கு ஒன்றுகூட இராது. அதன்பின் அடுக்கடுக்கான தட்டுகள் கொண்ட உயரமான பாத்திரத்தில் நீராவி பாய்ச்சி, ஹெக்சேனை விரட்டி, 100 டிகிரிக்கு மேல் வறுக்கிறார்கள். நாம் கடையில் வாங்கும் மீல் மேக்கரும் எண்ணெய் எடுத்த இதே சோயாவின் மாவிலிருந்து ஆனதுதான். முழுச் சோயாவையே எண்ணெய் எடுக்காமல் வறுத்தோ, இயந்திரத்தில் அழுத்திச் சூடேற்றிப் பிதுக்கியோ தீவனத்தில் சேர்ப்பதும் உண்டு. எந்த வழியானாலும் குஞ்சின் கதி அந்தச் சூட்டில் இருக்கிறது.

சூடு குறைந்தால் தடுப்புப் பொருள் சாகாது. கூடினாலோ வேறு கேடு. லைசின் என்ற அமிலச் சத்து சர்க்கரையோடு ஒட்டிக் கருகிப்போகிறது, புண்ணாக்கு பழுப்பேறுகிறது. கருகிய தோசையில் மாவு குறையவில்லை, தின்னத்தான் ஆகாது. நீராவிக்கு எரிபொருள் வேண்டும். எரிபொருளுக்குக் காசு வேண்டும். பாத்திரத்தில் நிற்கும் நேரம் குறைந்தால் ஒரு நாளில் கூடுதல் டன் ஓட்டலாம். அரைவேக்காடு எங்கிருந்து வருகிறது என்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

மூட்டையில் அச்சடித்த புரதம்

“எங்கள் மூட்டையில் புரதம் இத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கிறோமே” என்று பதில் வரும். அந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள்? தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி, இதுதான் புரதம் என்று எழுதுகிறார்கள். நைட்ரஜன் பச்சைச் சோயாவிலும் உண்டு, பதமாக வறுத்ததிலும் உண்டு, கருகியதிலும் உண்டு. மூன்றுக்கும் எண் ஏறத்தாழ ஒன்றுதான். வயலில் போடும் யூரியாவைக் கலந்தால்கூட இந்தக் கணக்கில் புரதம் ஏறும்! கோழித் தீவனத்துக்கு இந்தியத் தர அமைப்பின் ஐ.எஸ். 1374 என்ற விதி இருக்கிறது. இவ்வளவு புரதம் வேண்டும் என்று அது சொல்கிறது. புரதம் இருப்பது வேறு, குஞ்சுக்குக் கிடைப்பது வேறு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் தொழிலாளர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தோலும் புரதம்தான். தோலிலிருந்து சீவித் தள்ளும் கழிவிலும் நைட்ரஜன் உண்டு. வங்கதேசத்தில் டாக்கா நகரின் ஹசாரிபாக் தோல் பேட்டையில் குரோமியம் ஏறிய கழிவைக் காயவைத்து அரைத்துக் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக விற்றார்கள். சோதனைக் காகிதத்தில் புரதம் பிரமாதமாக இருந்திருக்கும்! 2011-ல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தலையிட்டு, இதை நிறுத்தும்படி சர்க்காருக்கு உத்தரவிட நேர்ந்தது. பாலாற்றுக் கரையில் குரோமியம் என்ன செய்யும் என்று கண்ணால் கண்டவர்கள் நாம். புரதம் என்ற எண்ணை மட்டும் நம்பினால் எங்கே போய் முடியும் என்பதற்கு டாக்கா ஒரு சாட்சி.

வெந்ததா வேகவில்லையா என்று பார்க்க வழியில்லையா? உண்டு, அதுவும் மலிவான வழி. பச்சைச் சோயாவில் யூரியேஸ் என்ற ஒரு நொதி இருக்கிறது. யூரியாவை அம்மோனியாவாக மாற்றுவது அதன் குணம். தடுப்புப் பொருள் சாகிற சூட்டில்தான் யூரியேஸும் சாகிறது. ஆகவே புண்ணாக்கை யூரியாக் கரைசலில் ஊறவைத்து, கரைசலின் பி.எச். எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தால் போதும். 0.05-க்கும் 0.20-க்கும் இடையில் ஏறினால் பதம். அதற்கு மேல் போனால் பச்சை. கருகிவிட்டதா என்று பார்க்க வேறு சோதனை. 0.2 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் புரதத்தில் எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பார்கள். 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கருகல், 85-க்கு மேல் போனால் வேக்காடு போதாது. ஏதாவதொரு கண்ணாடிக் குப்பியில் சோயாப் புண்ணாக்குத் தூளோடு ஒரு சிட்டிகை யூரியாவும் வெதுவெதுப்பான தண்ணீரும் சேர்த்து மூடி வைத்து, இருபது நிமிடம் கழித்துத் திறந்தாலே பச்சைச் சோயா காட்டிக்கொடுத்துவிடும். ஈர மஞ்சி மூக்கை அறுக்குமே, அந்த நெடி கிளம்பும். ஆனால் கலந்து அரைத்த தீவனத்தில் சோயா மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் நெடி மங்கலாக இருக்கும். கருகலையும் இந்தக் குப்பி காட்டாது. அதற்குச் சோதனைச்சாலைதான் வேண்டும்.

பெரிய தீவன ஆலைகளில் இந்தச் சோதனைகள் தினசரி நடக்கின்றன. கூச்சல் போடுவதற்கு முன் இதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். சோயா லாரி வந்து நின்றதும் மாதிரி எடுத்து ஈரம், மணல், புரதம், யூரியேஸ் எல்லாம் பார்த்து, குறை இருந்தால் விற்றவரிடம் தொகையில் கழிவு பிடிப்பது அந்த வியாபாரத்தின் வழக்கம். சோயா சரியில்லை என்றால் கம்பெனிக்குக் கழிவு உண்டு. அதைத் தின்ற குஞ்சை வளர்த்தவனுக்கு வெட்டு உண்டு. ஒரே குறைக்கு ஒரு கை வாங்குகிறது, இன்னொரு கை கொடுக்கிறது. கொடுக்கிற கைக்குச் சோதனைக் காகிதத்தைக் காட்டுவதுகூட இல்லை. இதை என்னவென்று சொல்வது?

2021-ஐ நினைத்துப் பாருங்கள். ஆண்டின் தொடக்கத்தில் இருந்த விலையைப்போல் இரு மடங்குக்கு மேலாக ஏறி, ஆகஸ்டில் சோயாப் புண்ணாக்கு கிலோ 100 ரூபாயை நெருங்கிற்று. கோழிக் கம்பெனிகள் டில்லிக்குப் படையெடுத்தன. அந்த ஆகஸ்டு மாதமே மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்தது. டிசம்பரில் புண்ணாக்கு இருப்புக்கு உச்சவரம்பு போட்டது; சோயா ஊக வாணிபத்தையும் செபி நிறுத்தி வைத்தது. கம்பெனிகளின் குரலுக்கு அத்தனை வேகம்! 2024-ல் விலை கவிழ்ந்தது. குவிண்டாலுக்கு 4,892 ரூபாய் என்ற ஆதார விலைகூடக் கிடைக்காமல், 6,000 ரூபாய் கேட்டு மத்தியப் பிரதேச விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். புண்ணாக்கு மலிந்த அந்த ஆண்டில் நம் கொட்டகை விவசாயியின் கூலி ஏறியதா? சோயா விதைத்தவனும் கோழி வளர்த்தவனும் ஆயிரம் மைல் இடைவெளியில் ஒரே தராசின் கீழ்த்தட்டில் இருக்கிறார்கள்.

ஹெக்சேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது பெட்ரோலிலிருந்து எடுப்பது, எளிதில் தீப்பிடிக்கும், எண்ணெய் ஆலையில் பீடித் துண்டு ஒன்று போதும். அதன் ஆவியைப் பல மாதம் சுவாசித்தால் கை கால் நரம்புகள் மரத்துத் தளர்ந்துபோகும். 1960-களில் ஜப்பானில் செருப்பு ஒட்டிப் பிழைத்த தொழிலாளர்களிடம் இந்த வியாதி கூட்டமாகத் தென்பட்டது. பசையில் கலந்திருந்த கரைப்பான்தான் காரணம். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் பசை தடவும் பெண்கள், தங்கள் பசை டப்பாவில் என்ன கரைப்பான் இருக்கிறது என்று சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பேச்சு கோழியை விட்டு விலகிவிட்டது. ஆனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கம்பெனிக்காரர்கள் சொல்லும் ஒரு நியாயத்தையும் பார்ப்போம். “கெட்ட தீவனம் கொடுத்தால் எங்கள் கோழிதானே குன்றும்? எங்களுக்கும் நஷ்டம்தானே?” நஷ்டம்தான். அந்த நஷ்டத்தில் ஒரு பங்கைத் தள்ளிவிட ஒரு தலை கிடைத்திருக்கும்போது அது குறைந்த நஷ்டம். இன்னொன்றும் சொல்வார்கள்: எஃப்.சி.ஆர். ஏறுவதற்குத் தீவனம் மட்டுமா காரணம்? இதுவும் மெய். வேலூர் கோடை 40 டிகிரிக்கு மேல் போகிற நாட்களில் கோழி தின்னாது, மூச்சிரைக்கும், சாகும். வியாதி உண்டு, கெட்ட தண்ணீர் உண்டு, குஞ்சே நோஞ்சானாக வந்து இறங்குவதும் உண்டு. கவனக்குறைவான விவசாயியும் இருக்கலாம். இத்தனை காரணம் இருக்க, சோதனை எதையும் காட்டாமல் விவசாயிதான் குற்றவாளி என்று ஒவ்வொரு முறையும் ஒரே தீர்ப்பு எப்படி வருகிறது?

2019-ல் தமிழகம் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. கால்நடை வளர்ப்பையும் சேர்த்த சட்டம். குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. விவசாயியைக் காப்பதற்காக என்று மேடைகளில் பேசினார்கள். காப்பது என்றால் தீவன லாரியோடு வரும் ரசீதில் அந்தத் தொகுதிச் சோயாவின் யூரியேஸ் எண்ணும், கரையும் புரதத்தின் எண்ணும், சோதித்த தேதியும் இருக்க வேண்டும். கம்பெனிக்காரர், விவசாயி இருவர் கையெழுத்தோடு ஒரு பை தீவனம் முத்திரையிட்டு, பேட்ச் கணக்கு முடியும்வரை கொட்டகையில் இருக்க வேண்டும். தகராறு வந்தால் அந்தப் பையைத் திறந்து சோதிக்க ஒரு பொது இடம் வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. ஒடுகத்தூர்க்காரர் அவ்வளவு தூரம் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் யார் கொடுப்பது? வேலூரிலேயே மாதிரியைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைக் கால்நடைத் துறை செய்யட்டும். சோதனையில் தீவனம் தேறாவிட்டால் அந்த பேட்சுக்கு எஃப்.சி.ஆர். வெட்டு கிடையாது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். கொட்டகை ஆள்காரருக்குப் பேசிய சம்பளம் எந்தச் சூத்திரத்தோடும் சேராமல், பேட்ச் எப்படிப் போனாலும் கைக்கு வர வேண்டும்.

இதெல்லாம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த லோடு இறங்கும்போது, மூட்டையைப் பிரிக்கிறவர்களே ஒரு காரியம் செய்யலாம். குஞ்சுத் தீவனத்தில் நாலைந்து மூட்டைகளிலிருந்து ஒவ்வொரு கைப்பிடி எடுத்துக் கலந்து, காய்ந்த டப்பாவில் அரைக் கிலோ அடைத்து, இறுக மூடி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். மூட்டையில் தைத்திருக்கும் சீட்டையும் கிழித்து, இறங்கிய தேதியை அதில் எழுதி, டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். கணக்குச் சீட்டு வருகிற அன்று, டப்பாவையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.